அந்தோனியார் காலடியில் வைத்த விண்ணப்பம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடிதங்களும் கடைச் சாமான் துண்டுகளும்தான். எழுதிக்கொண்டு போகும்போது ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவிவிடுவேன். ஆண்டு மாதமும் மறந்துபோகிறது. நான் சொல்லப்போகிற விஷயம் இரண்டாயிரத்து ஆறில் நடந்ததா ஏழில் நடந்ததா என்று நேற்று முழுவதும் யோசித்தேன், பிடிபடவில்லை. மார்ச் மாதம் என்பது நிச்சயம். வீட்டு வாசற்படியில் ஐஸ் இறுகிக் கிடந்தது, உப்புப் போட்டும் கரையவில்லை.

மொன்றியலுக்கு வந்த புதிதில் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது தபால் கந்தோர். எங்கள் பக்கத்தில் அது மருந்துக் கடைக்குள்ளே இருக்கிறது. இருமல் மருந்து, சவர்க்காரம், பிள்ளைகளின் நாப்பி எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி மூலைக்குப் போனால் ஒரு சின்ன மேசை. அதற்குப் பின்னால் ஒரு பெண் நிற்பாள். கடிதத்தை வாங்குவாள், நிறுப்பாள், துண்டு தருவாள். யாருக்கு, என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். ஊரில் ஒரு முத்திரை வாங்கப் போனாலும் கொழும்பில் பிள்ளை எப்படி, வேலை கிடைத்ததா என்று கேட்டுவிட்டுத்தான் தருவார்கள். அப்போது அது எனக்கு வெட்கமாக இருக்கும். இங்கே யாரும் கேட்காமல் இருப்பது அதைவிட வெட்கமாக இருந்தது. அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றால் என் வாய் கட்டிவிடும். பின்னால் நடந்ததற்கு இந்தப் பயமும் பாதிக் காரணம். முழுப் பழியையும் பக்தியின் மேல் போடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் என் மகன் யூட்டோடு கார்ட்டியர்வில் பக்கம் இருந்தேன். யூட்டுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு பண்டகசாலையில் கொண்டெய்னர் இறக்குகிற வேலை. அந்த வருடம் எங்களோடு டிலானியும் இருந்தாள். டிலானி என் தங்கை றீற்றாவின் ஒரே மகள். இரண்டு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்ப் பாரிஸில் வளர்ந்தவள், பிரெஞ்சுப் பாஸ்போட் உள்ளவள். அந்த நாட்டு இளம் ஆட்களுக்கு ஒரு வருடம் கனடாவில் இருந்து வேலையும் செய்யலாம், ஊரும் பார்க்கலாம் என்று ஓர் அனுமதி உண்டு. அதை எடுத்துக்கொண்டு வந்தாள். ஊர் பார்த்ததை நான் காணவில்லை. வந்த இரண்டாம் மாதமே ஒரு கார்டெரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கார்டெரி என்றால் தாய் தகப்பன் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். பாரிஸில் படித்துவிட்டு மூன்று வருடம் அங்கும் இங்கும் அலைந்த பிள்ளைக்கு இங்கே வந்ததும் வேலை பிடித்துப்போனது. கார்டெரியை நடத்துகிற அம்மாவும், நீ இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கப் பேப்பர் எடுத்தால் உன்னை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டா. டிலானி நிரந்தர வதிவிடத்துக்குக் கோப்புக் கொடுத்தாள். அதற்குப் பதில் வர நாளாகும், அதுவரை ஒழுங்கான அனுமதியோடு இருக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். டிலானி வந்து இறங்கியபோது அவளுடைய பாஸ்போட் முடிய ஏழு மாதம்தான் இருந்தது. பாஸ்போட் முடிகிற நாளுக்கு மேலே அனுமதி தரமாட்டார்களாம். பன்னிரண்டு மாதத்துக்குப் பதிலாக ஏழு மாதத்துக்கு முத்திரை குத்திவிட்டார்கள். புதுப் பாஸ்போட் எடுத்துக்கொண்டு விண்ணப்பித்தால் மிச்சம் ஐந்து மாதத்தையும் தருவார்கள். ஆனால் பழைய அனுமதி முடியமுன் விண்ணப்பம் மேற்கே அல்பேர்ட்டாவில் உள்ள கந்தோருக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் பதில் வரும்வரை வேலை செய்யலாம். ஒரு நாள் பிந்தினாலும் வேலையை நிறுத்த வேண்டும், நிரந்தர வதிவிடக் கோப்பிலும் ஒரு கறை விழும். புதுப் பாஸ்போட் பிந்தித்தான் வந்தது. அனுமதி முடிவது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின வாரம் வியாழக்கிழமை காலை, வேலைக்குப் போகிற அவசரத்தில் டிலானி ஒரு பெரிய மண்ணிற உறையை என் கையில் தந்தாள்.

"பெரியம்மா, இண்டைக்கே போட்டுடுங்கோ. விரைவுத் தபால். என்ன சொல்ல வேணுமெண்டு இந்தத் துண்டிலை பிரெஞ்சிலை எழுதியிருக்கிறன். நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை, துண்டை நீட்டினால் காணும்."

"ஓம் பிள்ளை" என்றேன்.

நான் போடவில்லை.

ஏன் என்று சொல்ல ஊர்க் கதைக்குப் போக வேண்டும். எங்கள் கடற்கரைப் பக்கத்தில் பள்ளிக்கூடச் சோதனை எழுதப் போகிற அட்டை, வள்ளத்துப் பத்திரம், பாஸ்போட் விண்ணப்பம், எந்தக் கடதாசியாக இருந்தாலும் முதலில் கோயிலில் புனித அந்தோனியாரின் காலடியில் ஒரு செவ்வாய்க்கிழமை நவநாள் பூசைக்கு வைத்து எடுத்துவிட்டுத்தான் கொடுப்போம். யூட்டின் கடதாசிகளைக் கொழும்பில் அப்படி வைத்துத்தான் அனுப்பினேன், சரிவந்தது. ஒரே ஒரு கடதாசிக்கு மட்டும் அப்படிச் செய்யவில்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகப் பாஸ் வேண்டும். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வருத்தம், கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்லி டாக்குத்தர் எழுதித் தந்தார். ஒரு திங்கட்கிழமை அது. அடுத்த நாள் வரை பொறுக்கப் பயந்து அன்றைக்கே ஓடிப்போய் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். அவர் கண்மூடி, முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் பாஸ் கிடைத்தது என்று ஆள் அனுப்பினார்கள். அதற்கும் அந்தோனியாருக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். பங்குச் சுவாமியாரும் சொன்னார். ஆனாலும் டிலானியின் உறையைக் கையில் வாங்கியபோது அந்தத் திங்கட்கிழமைதான் ஞாபகம் வந்தது.

கணக்குப் போட்டேன். செவ்வாய்க்கிழமை கோயிலில் வைத்து எடுத்துப் புதன் காலை போட்டால் வெள்ளிக்குப் போய்விடும். விரைவுத் தபால் இரண்டு நாள் என்று டிலானியே சொல்லியிருந்தாள். உறையின் பின் மூலையில் பென்சிலால் ஒரு சிலுவை கீறி, 'சே.ம.சூ.' என்று எழுதினேன். சேசு, மரி, சூசை. கடிதம் எழுதும்போது தலைப்பில் அதைப் போடாமல் எங்கள் அம்மா ஒரு வரி எழுதவிட்டதில்லை. பிறகு உறையை என் உடுப்புகளுக்குக் கீழே வைத்தேன்.

அன்று மாலை டிலானி சப்பாத்தைக் கழற்றமுன் கேட்டாள்: "போட்டாச்சே பெரியம்மா?"

"ஓம்."

அந்த ஒரு சொல்லோடு என் நித்திரை போனது. பொய் சொன்ன வாயில் நற்கருணை வாங்கப் பயந்து, ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மைக்கு எழும்பிப் போகவில்லை. "ஏன் அம்மா இருந்திட்டியள்?" என்று யூட் கேட்டான். கால் நோ என்றேன். அது இரண்டாவது பொய்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் தனியே நடந்து போனேன். எங்கள் தெருவிலிருந்து மூன்று சந்தி தள்ளி பிரெஞ்சுக்காரரின் பழைய கோயில் ஒன்று. பெரிய கோயில், உள்ளே பத்துக் கிழவிகளும் குளிரும். இடது பக்கப் பீடத்தில் அந்தோனியார். அவருடைய காலடியில் வேறு ஆட்கள் வைத்த சின்னச் சின்ன உறைகள் கிடந்தன. எங்கள் ஊர் மாதிரித்தான் இங்கேயும் என்று மனதுக்கு ஆறுதலாக இருந்தது. அவற்றுக்கு நடுவில் நான் கொண்டுபோன பெரிய உறையை வைத்தேன். ஊரில் என்ன வழக்கம் என்றால், வைத்ததைக் கடைசி ஆசீர்வாதம் முடிந்ததும் அவரவர் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் நடுப்பீடத்துக்கு முன்னால் போய் முழந்தாளிட்டுப் பூசை கண்டேன். ஆசீர்வாதம் முடிந்து திரும்பி வந்து பார்த்தால் அந்தோனியாரின் காலடி துடைத்த மாதிரி இருந்தது. ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

கோயிலைப் பார்க்கிற கிழவர் ஒருவர் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார். கம்பளிச் சட்டையும் இடுப்பில் திறப்புக் கொத்துமாக இருந்தார். நான் அவரிடம் ஓடினேன். "லெத்ர், மை லெத்ர்" என்று அந்தோனியாரின் காலைக் காட்டினேன். அவர் சிரித்தார். "வீ, வீ, மதாம்", ஓம் ஓம் அம்மா என்று சொல்லி ஒரு விரலை மேலே, கோயில் முகட்டுக்கு நேராக உயர்த்தினார். நெருப்புப் பெட்டியும் கையில் இருந்தது. எரித்துவிட்டார்கள், புகையாய்ப் போய்விட்டது என்று நான் விளங்கிக்கொண்டேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு அது பக்திக் கண்ணீராகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு துண்டுக் கடதாசியும் பென்சிலும் கொண்டுவந்து தந்து, இன்னொரு மன்றாட்டு எழுது என்று கையால் காட்டினார். நான் தலையை ஆட்டி ஆட்டி இல்லை என்கிறேன், அவர் தோளைத் தட்டி எழுது எழுது என்கிறார். கடைசியில் கதவைப் பூட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது டிலானி மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். யூட் சோறு போட்டுக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா, அண்டைக்குத் தபால்காரி தந்த துண்டைத் தாங்கோ. அதிலை நம்பர் இருக்கும், போய்ச் சேர்ந்திட்டுதோ எண்டு பாப்பம்."

என் கோட்டிலிருந்து பனி உருகி நிலத்தில் சொட்டியது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

யூட் சோற்றுக் கோப்பையைத் தட்டென்று வைத்தான். "அம்மா! அந்தோனியார் என்ன இமிகிரேசனிலையோ வேலை செய்யிறார்? துலைஞ்ச சாமான் எடுத்துத் தாற சாமியிட்டைக் கொண்டுபோய் நீங்களே துலைச்சுப்போட்டு வந்து நிக்கிறியள்!"

டிலானி ஏசவில்லை. அதுதான் எனக்கு ஏலாமல் இருந்தது. கணினியை மூடினாள். பிரெஞ்சில் தனக்குள் ஏதோ சொன்னாள். பிறகு, "பெரியம்மா, அதுக்குள்ளை கார்டெரிக் கடிதம் இருக்கு. காசு கட்டின துண்டு இருக்கு. ஏழு மாதம் எண்டு எழுதின கடதாசி இருக்கு. அதுகள் இல்லாட்டி நான் ஒண்டும் செய்யேலாது" என்று மெல்லச் சொன்னாள். கோயிலுக்கு டெலிபோன் எடுத்தாள். மெசின்தான் கதைத்தது.

புதன் காலை அவள் கார்டெரிக்குப் பிந்தி வருவேன் என்று சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். கிழவர் கதவைத் திறந்தார். எரிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மன்றாட்டுகளையெல்லாம் ஒரு துணிப்பையில் கட்டி உள்ளறை அலுமாரியில் வைத்து, மாதக் கடைசியில்தான் ஒருவரும் பிரிக்காமல் எரிப்பார்களாம். நேற்று விரலை உயர்த்தியது, உன் மன்றாட்டு மோட்சத்துக்குப் போய்விட்டது என்று சொல்லத்தான். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் பையை அவிழ்க்கமாட்டேன் என்றார். ஒவ்வொரு உறையும் ஓர் ஆத்துமாவுக்கும் புனிதருக்கும் இடையில் உள்ள ரகசியமாம். சுவாமியார் வந்து சொன்னால்தான் தொடலாம், சுவாமியார் இனி வருவது சனிக்கிழமையாம். டிலானி பாரிஸ் பிரெஞ்சில் வேகமாக வாதாடினாள். அவள் கதைக்கக் கதைக்க அவருடைய முகம் இறுகியது. கொழும்பு இங்கிலீசில் ஒருவர் வந்து அதட்டினால் ஊரில் எங்கள் முகம் எப்படிப் போகுமோ அப்படி.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. நேற்று அவர் தந்த துண்டும் பென்சிலும் இன்னும் என் கோட்டுப் பைக்குள் இருந்தன. அதில் சிலுவை கீறி, கீழே மூன்று எழுத்தையும் எழுதி நீட்டினேன்.

"இது என்ன பெரியம்மா?" என்றாள் டிலானி.

"சேசு, மரி, சூசை. அவருக்குச் சொல்லு. என்ரை உறையிலை இது இருக்கு. மற்றது ஒண்டையும் தொடத் தேவையில்லை."

அவள் சொன்னாள். கிழவர் துண்டை வெளிச்சத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பைப் பேனாவை எடுத்து, என் எழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடைய எழுத்தில் மூன்று எழுத்து எழுதி அதற்கு மேலே ஒரு சிலுவையும் கீறினார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் இதைப் போட வைப்பார்களாம், மறந்தால் விரல் மூட்டில் அடிமட்டத்தால் அடி. டிலானி எனக்குச் சொல்லி முடிக்கமுன் அவர் உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது அவருடைய கையில் என் உறை இருந்தது.

அங்கிருந்து நேரே மருந்துக் கடைக்குப் போனோம். வெள்ளிக்கிழமை போய்ச் சேரலாம், திங்கள் ஆனாலும் ஆகலாம், உறுதி சொல்ல முடியாது என்றாள் மேசைப் பெண். டிலானி உறையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். கார்டெரியில் கூட வேலை செய்கிற ஒரு பிள்ளை அவளுக்கு ஒரு வழி சொல்லியிருந்தாள். கனடாவுக்குள் வர விசா தேவையில்லாத நாட்டுக்காரர் அமெரிக்க எல்லைக்குப் போய், அங்கால் கடந்து, உடனே திரும்பி வந்து கனடாக் காவல் சாவடியில் விண்ணப்பத்தைக் கையில் கொடுக்கலாமாம். தந்தால் அங்கேயே தருவார்கள். மறுத்தால் அங்கேயே மறுப்பார்கள்.

வியாழக்கிழமை யூட் லீவு போட்டான். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன்.

"உங்கடை சிறிலங்காப் பாஸ்போட்டோட அங்காலை விடமாட்டாங்கள் அம்மா. உங்களையும் அந்தோனியாரிட்டைக் குடுத்திட்டுத் தேடித் திரியேலாது."

"நான் ஒரு இடத்திலை இருக்கிறன்" என்றேன்.

எல்லைக்குக் கொஞ்சம் முந்தி, பெற்றோல் நிலையத்தோடு ஒரு கோப்பிக் கடை. அங்கே என்னை இருத்தி, ஒரு தேத்தண்ணியும் வாங்கித் தந்து, தன் செல்போனையும் மேசையில் வைத்தான் யூட். டிலானி என் சால்வையை இழுத்துக் கழுத்தை மூடிவிட்டுப் போனாள். கண்ணாடிக்கு வெளியே பெரிய லொறிகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன. திரும்பி வருகிற பாதை எனக்குத் தெரியவில்லை. எது வரும் என்று பார்க்கவும் வழியில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு போன் அடித்தது. டிலானியின் போனிலிருந்து யூட்தான் என்று எடுத்தேன். பாரிஸிலிருந்து றீற்றா.

"அக்கா, முடிஞ்சுதே?"

"இன்னும் இல்லை. அங்காலை போய் ஒரு மணித்தியாலமாச்சு."

அவள் எழும்பிப் போய் ஒரு கதவைச் சாத்தினது கேட்டது.

"என்னடி, சத்தத்தைக் காணேல்லை?"

"அக்கா, ஒண்டு சொன்னால் கோவிக்கக்கூடாது. நானும் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனனான். அந்தோனியாருக்குத்தான் மெழுகுதிரி கொளுத்தினனான்."

"நல்லதுதானே."

"நல்லதில்லை அக்கா. அந்த அனுமதி அவளுக்குக் கிடைக்கக்கூடாது, அவள் திரும்பி என்னட்டை வரவேணும் எண்டு கேட்டனான். எனக்கு இருக்கிறது ஒண்டு. நீங்கள் யூட்டோட இருக்கிறியள்."

எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வயது டிலானியைத் தூக்கிக்கொண்டு றீற்றா யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்ட அன்று, எங்கள் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கறி கருகிவிடும் என்றா. அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை, நான் பார்த்தேன். அம்மா யாரிடம் என்ன கேட்டாவோ தெரியாது. கேட்டது கிடைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அதை றீற்றாவுக்குச் சொல்ல நினைத்தேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள், தமிழில் அழக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. "பேந்து எடு, பிறகு கதைப்பம்" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகு செபமாலையைக் கையில் எடுத்தேன். எதைக் கேட்டுத் தொடங்குவது என்று தெரியவில்லை. திரும்பக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

இன்னும் ஒரு மணித்தியாலம் போனது. யூட்டின் கார் வந்து நின்றது. இருவருடைய முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. டிலானி கடைக்குள் வந்து என் முன்னால் இருந்தாள். புதுக் கடதாசியை மேசையில் விரித்தாள். ஐந்து மாதம்.

"எல்லைக்காரர் கனநேரம் கேள்வி கேட்டவரே?" என்றேன்.

"அனுமதியைப் பற்றிக் கனக்கக் கேக்கேல்லை. வீடு எங்கை எண்டு கேட்டார். பாரிஸ் எண்டு சொல்ல வந்தன், பிறகு இஞ்சை எண்டு சொல்ல வந்தன், ரெண்டும் வாயிலை வரேல்லை. பெரியம்மா கோப்பிக் கடையிலை இருக்கிறா, நான் போகவேணும் எண்டன். சிரிச்சுப்போட்டுக் குத்தித் தந்தார்."

அந்த ஐந்து மாதத்துக்குள் கார்டெரிக்காரர் வேறு கடதாசி எடுத்துக் கொடுத்தார்கள். நிரந்தர வதிவிடம் அதற்கடுத்த வருடம் கிடைத்தது. டிலானி இப்போது இங்கேதான் இருக்கிறாள். றீற்றா வருடத்துக்கு ஒரு தரம் வருவாள், வந்து நிற்கும் நாட்களில் மகளின் அலுமாரியை அடுக்கி அடுக்கி வைப்பாள். அந்த டெலிபோன் கதையைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு வாய் திறக்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் டிலானி சொன்னது இன்னும் என் மனதில் நிற்கிறது. அமெரிக்கக் காவலுக்கும் கனடாக் காவலுக்கும் நடுவில் கொஞ்சத் தூரம் வெறும் தெருவாம். கனடாப் பக்கத்துப் பனி வாருகிற வண்டி ஓரிடம் வரை வாரிக்கொண்டு வந்து திரும்பிவிடுமாம். அமெரிக்க வண்டி இன்னோரிடம் வரை வந்து திரும்பிவிடுமாம். நடுவில் ஒரு துண்டில் பனி அப்படியே கிடந்ததாம். அந்த இடத்தில் வரிசை நகராமல் கார் கனநேரம் நின்றதாம். "அங்கை நிண்ட நேரம் எனக்கு ஒரு பயமும் வரேல்லை பெரியம்மா" என்றாள்.

அந்தத் துண்டுத் தெரு எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று எனக்குத் தெரியாது. அனுமதி, நாள் கணக்கு, எந்தக் கந்தோர், எல்லாவற்றையும் ஞாபகத்தில் இருந்தபடி எழுதியிருக்கிறேன், பிழை இருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். டிலானியிடம் மட்டும் கேட்க வேண்டாம். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் அவளுடைய தாய் கேட்ட மன்றாட்டையும் இதில் எழுதினேன்.